மணிக்கட்டைத் தொடும்வரை

அவனோடு கை குலுக்கினால் நாம்தான் முதலில் விடவேண்டும். நாம் விடாதவரை அவன் விடமாட்டான். பேசிக்கொண்டே இருப்பான், சிரிப்பான், மறு கையால் பிடரியைச் சொறிந்துகொள்வான். பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்னால் வரிசையில் நின்றவன் திரும்பிக் கையை நீட்டினான். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று எனக்குத் தெரியாது. வடமதுரைக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற வீடு எங்களுடையது. எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் கை குலுக்கியதில்லை. படித்தவர்கள் இப்படித்தான் வெகுநேரம் பிடித்திருப்பார்கள்போல என்று நானும் விடாமல் நின்றேன். வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவன், "கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னா செத்த நகருங்கப்பா" என்றான். அதற்குப் பிறகுதான் நான் கையை உருவிக்கொண்டேன்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. பின்னால் நாங்கள் பயிற்சிக்குப் போன படகில் எல்லோரும் அவனை உடும்பு என்றார்கள். நான் மாப்ள என்று கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படியே கூப்பிடுவான்.

பேருந்தில் அவன் மேல்கம்பியைப் பிடித்தால் பிடித்ததுதான். கூட்டம் உள்ளே தள்ளும்போது உடம்பு சாயுமே தவிர கை நகராது. நடத்துநர் ஒருவர், "அப்பு, அந்தக் கம்பிய நாங்க கழட்டிக் குடுத்துர்றோம், வீட்டுக்குக் கொண்டு போ" என்று சொல்லியிருக்கிறார். விடுதியில் தண்ணீர்க் குழாயை அவன் மூடினால் அதன்பிறகு யாராலும் திறக்க முடியாது. அவன் வரும்வரை பல் துலக்காமல் காத்திருப்போம்.

ஏன் இப்படி என்று எனக்குப் புரிந்தது ஒரு விடுமுறையில், குஜிலியம்பாறைக்குப் பக்கத்திலிருந்த அவன் ஊருக்குப் போனபோது. மழையை நம்பி விதைக்கிற பூமி. அங்கே கிணறு என்பது தண்ணீர் இருக்கிற இடமில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற இடம். அவன் குடும்பத்துக்குக் கிணற்று வேலை. பாறை உடைத்து ஆழப்படுத்துவதற்கு இப்போது கிரேன் வந்துவிட்டது. சேறு வாருவதும், சிக்கிக்கொண்ட மோட்டாரை எடுப்பதும், இடிந்த பக்கத்தைச் சரிசெய்வதும் இன்னும் ஆள் இறங்கித்தான். அவனுடைய அண்ணன் இறங்குவார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் படிக்கல்லில் கால் வைத்து இறங்கி, அதே வழியில் ஏறி வருவார். மேலே அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவன் நிற்பான். கால் வழுக்கினால் அந்தக் கயிறுதான் உயிர்.

கயிறு பிடித்து நிற்பவனிடம் யாரும் பேசக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அன்று ஒரு குளவி அவன் கழுத்தில் உட்கார்ந்து கொட்டியதை நான் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை போகவில்லை. அண்ணன் ஏறி மேலே வந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, முகம் துடைக்கவில்லை. சேற்றுக் கையால் தம்பியின் மணிக்கட்டைத் தொட்டார். அதற்குப் பிறகுதான் அவன் கயிற்றை விட்டான்.

அதுதான் அவர்கள் வழக்கம். மேலே வந்தவன் கை, பிடித்தவன் மணிக்கட்டில் படவேண்டும். ஆள் வந்துவிட்டான் என்று கண்ணால் பார்ப்பது போதாது. மற்றவர்கள் சொல்வதும் செல்லாது. தொட்டால்தான் பிடி முடிந்தது.

இப்படிப்பட்டவனைத்தான் கடலுக்குக் கூட்டிப்போனார்கள்.

நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பல மாவட்டக் கல்லூரிகளிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பாய்ப்படகுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியில் தொடங்கிக் காரைக்கால் வரை கரையோரமாகவே போய்த் திரும்பவேண்டும். நீச்சல் தெரிந்திருந்தால் போதும் என்றார்கள். மழை பெய்த வருடங்களில் கிணற்றில் குதித்து நீந்திய நாங்கள் இருவரும் தேர்வானோம். கடலை அதற்கு முன் இருவருமே பார்த்ததில்லை.

எனக்கு அது ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை. அவனுக்கு அப்படியில்லை. அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் கடற்படை வேலைக்குத் தேர்வாக வாய்ப்பு அதிகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கிளம்புகிற அன்று அவன் அம்மா திண்டுக்கல் பேருந்து நிலையம் வரை வந்தார். வறுத்த கடலையை என் பையில்தான் திணித்தார். "இவென் ஒருத்தனாச்சும் கெணத்த எட்டிப் பாக்காம சம்பாதிக்கட்டும்ப்பா. பாதியில வந்துராம பாத்துக்க" என்றார்.

எங்கள் படகில் எந்திரம் கிடையாது. பாய், துடுப்பு, நாங்கள். பயிற்சியாளர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினத்துக்காரர். சட்டைப் பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். குமட்டுகிறது என்று யாராவது சொன்னால் பழத்தை மூக்கில் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்வார். படகில் தனி ஆள் என்று யாருமில்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டோம். ஒருவன் சிறுநீர் கழிக்க ஓரத்துக்குப் போனால்கூட மற்றவர்கள் அதற்கேற்ப நகர்ந்து உட்காரவேண்டும். இல்லாவிட்டால் படகு அந்தப் பக்கம் சாயும். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்ற, மற்றவர்கள் காற்றடிக்கும் பக்கத்து விளிம்பில் முதுகைச் சாய்த்து எடை கொடுக்கவேண்டும். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் முறை வைத்துத்தான். யார் பிரித்தாலும் காற்று பாதிக் காகிதத்தைக் கொண்டுபோய்விடும்.

அவனுக்குப் பாய்க்கயிறு கொடுத்தார்கள். பெரிய பாயின் கீழ்மூலையில் கட்டிய கயிறு. அதை இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை வாங்கும், படகு ஓடும். பயிற்சியாளர் அதை ஷீட் என்றார். எங்கள் ஊரில் ஷீட் என்றால் கூரைத் தகரம். முதலில் கொஞ்சம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கயிற்றை எதிலும் கட்டக்கூடாது, கையில்தான் வைத்திருக்கவேண்டும் என்றார். திடீரென்று பலத்த காற்று அடித்துக் கயிறு வெடுக்கென்று இழுத்தால் யோசிக்காமல் விட்டுவிடவேண்டும். விட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். பிடித்துக்கொண்டிருந்தால் படகோடு எல்லோரும் கவிழ்வோம்.

அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

புறப்படுவதற்கு முன் கழிமுகத்தில் சில நாள் பழக்கினார்கள். ஒவ்வொரு முறை காற்று உதைக்கும்போதும் "விடு, விடு" என்று பயிற்சியாளர் கத்துவார். கயிறு இழுக்க இழுக்க அவன் பிடி இறுகும். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வரும். பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்த பெண்ணுக்குத்தான் அன்றைக்கு நீர் இறைக்கும் முறை. இறைத்து இறைத்துக் கை ஓய்ந்துபோய், "ஏனுங்க, கடலைப் பூராவும் உள்ள கொண்டுவந்து வெச்சுட்டீங்கன்னா நாம எங்கீங்க போறது?" என்றாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காற்று வரும்போது அவன் மணிக்கட்டைத் தொட்டேன். உடனே விட்டான். இரண்டு மூன்று முறை அது வேலை செய்தது. பயிற்சியாளர் பார்த்துவிட்டார். இது என்ன கூத்து என்றார். கிணற்று வழக்கத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவனைப் பார்த்து, "காத்து வந்து ஒங் கையத் தொட்டுச் சொல்லுமாடா தம்பி?" என்றார். படகு கிளம்புவதற்குள் இந்தக் கை திறக்கவில்லையென்றால் வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் உயிருக்கும் அவர்தானே பொறுப்பு.

அன்று மாலை அவன் சாப்பிடவில்லை. நாங்கள் தங்கியிருந்த கடற்கரைக் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒருமுறை கேட்டான்.

அவனைத் திருப்பி அனுப்ப விடுவதில்லை என்று படகு முழுவதும் முடிவு செய்தது. யார் முதலில் தொடங்கினார்கள் என்று நினைவில்லை. ஒரு கயிற்றுத் துண்டின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை எங்களில் ஒருவர் கையில். எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று இழுக்கவேண்டும், அவன் விடவேண்டும். முதலில் இழுத்தவனையே தரையோடு தேய்த்துக்கொண்டு போனான். ஆனால் நாங்கள் சலிக்கவில்லை. பல் துலக்கும்போது இழுத்தோம். செருப்பு மாட்டும்போது இழுத்தோம். பாட்டுப் பாடச் சொல்லி, நல்ல இடத்தில் இழுத்தோம். இன்றைக்கு அவனை விடவைப்பவருக்குப் பரோட்டா என்று பந்தயம் வைத்தோம். மெல்ல மெல்லப் பிடி தளர்ந்தது. பிறகு ஒரு மாலை, அவன் எங்களுக்குக் குளவி கொட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் இழுத்தாள். கதை நிற்கவில்லை, கை மட்டும் திறந்துகொண்டது. கயிறு போய்விட்டது என்பதைக்கூட அவன் பார்க்கவில்லை. நாங்கள் கைதட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"அவ்வளவுதானுங்க. இனி இந்தக் கை இவரு பேச்சக் கேக்காதுங்க" என்றாள் அவள். அன்று மாலை கொட்டகையில் நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. சில நாட்களில் அது கேட்காமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது.

கடலூரைத் தாண்டிய பிறகு ஒரு முற்பகலில் அந்தக் காற்று வந்தது. வெயில் நன்றாக இருந்தது. தூரத்தில் தண்ணீரின் நிறம் ஒரு பட்டையாகக் கறுத்தது. அந்தப் பட்டை எங்களை நோக்கி ஓடி வந்தது. பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்குள் படகு சாய்ந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த கடல் காணாமல் போய், வானம்தான் இருந்தது. அப்போது பாய் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. படகு மெல்ல நிமிர்ந்தது. அவன் விட்டிருந்தான். சொல்லாமலே, கேட்காமலே, சரியான கணத்தில். துணைக்கு வந்த எந்திரப் படகு எங்களை அடைவதற்குள் நாங்கள் பாயை மறுபடி இழுத்துக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

பயிற்சியாளர் தன் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவனுக்கு எறிந்தார். இந்தக் கை ஒன்று போதும், நீ கரை சேர்ந்துவிடுவாய் என்றார். எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். தட்டத் தட்ட, பிடித்த பழம் கையிலிருந்து விழுந்து படகின் அடியில் உருண்டது. அதற்கும் சிரித்தோம்.

அவன் சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து என்னிடம் மெதுவாக, "இழுத்தது எனக்குத் தெரியல மாப்ள. விட்டதுக்கப்பறந்தான் தெரிஞ்சுச்சு" என்றான். அதுதானே வேண்டும் என்று நான் சொன்னேன். அதுதான் வேண்டியிருந்தது.

இப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆண்டு விழா விளையாட்டுகளில் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. "சார், எங்க பக்கம் நின்னு கத்துங்க சார்" என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். நான் தண்ணீர் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பக்கம் போய்விடுவேன். விசில் ஊதிக் கயிறு விறைக்கிற நேரத்தில் எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிவதில்லை. கைகள்தான் தெரிகின்றன. எந்தக் கை முதலில் திறக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

படிப்பு முடிந்த பிறகு கிணற்றில் நடந்ததைப் பாலசமுத்திரத்துப் பெண்தான் போனில் சொன்னாள். அவள் காவல்துறையில் சேர்ந்திருந்தாள். பழைய படகுக்காரர்களில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கூட்டாளியின் அண்ணன் கிணற்றில் விழுந்துவிட்டாராம், உயிருக்கு ஒன்றுமில்லை, கால்தான் முறிந்துபோயிற்று என்றாள். கயிறு யார் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். அவன் வீட்டில் இல்லை. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறான், மத்தியானம் வருவான் என்றார்கள். அண்ணன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். அவன் அம்மா எனக்குச் சோறு போட்டு, வெஞ்சனத்தைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பேருந்து நிலையத்தில் அவர் என்னிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது.

அண்ணன்தான் பேசினார். வேலை முடிந்துவிட்டதாம். உடன் வந்தவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றப் போய்விட்டார்கள். இவர் படிக்கல்லில் கால் வைத்து ஏறி வந்துகொண்டிருந்தார். பாசி. கால் வழுக்கியது.

"கயிறு நழுவிருச்சுன்னு ஊர்ல சொல்றாக. நானும் கேக்குறவுககிட்ட அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். "நழுவல தம்பி. வழுக்குனதும் கயிறு இடுப்புல விருட்டுன்னு இழுத்துச்சு, நான் அண்ணாந்து பாத்தேன். கெணத்து வாய் வட்டமா வெளிச்சமா இருந்துச்சு. அதுல அவென் கை மட்டும் தெரிஞ்சுச்சு. அஞ்சு வெரலும் விரிஞ்சு, தனித்தனியாத் தெரிஞ்சுச்சு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன்மேல் வருத்தமா என்று கேட்டதாக நினைவு.

"வருத்தமா? படகுலருந்து வந்து இந்த வித்தைய எங்களுக்குக் காட்டுனான்ல. நானே இழுத்து வெளையாண்டவந்தான். சோறு திங்கையில கரண்டியப் புடிச்சு இழுப்பேன், பட்டுன்னு விட்ருவான். அம்புட்டுச் சிரிப்பு இந்த வீட்ல." காலைக் கையால் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணுதான் கொறை. அன்னைக்கு என்னையக் கட்டில்ல வச்சுக் கட்டித் தூக்கிட்டுப் போயிட்டாக. மேல வந்து நான் அவென் கையத் தொடல. அப்பறம் ஆஸ்பத்திரியில தொடலாம்னு பாத்தா கையக் குடுக்க மாட்டேன்டான். இப்ப வரைக்கும் குடுக்கல."

மத்தியானம் அவன் வந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "எப்ப வந்த மாப்ள? சாப்டியா?" என்றான். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் மடக்கி வைத்திருந்தான். குளிரும் மாதமில்லை. மில்லில் என்ன வேலை என்று கேட்டேன். அறுந்த நூலை ஒட்டிவிடுகிற வேலை என்றான். விரலால் தொட்டு ஒட்டிவிட்டால் போதும், எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

கிணற்றைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தான். எலுமிச்சம்பழக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். வழியில் யாரோ வெட்டிப் பாதியில் விட்ட கிணறு ஒன்று இருந்தது. பேச்சை நிறுத்தாமலே அவன் சாலையின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தான். கடற்படைத் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கூப்புட்டாக. போகல."

"ஏன் மாப்ள?"

"அங்கயும் கயிறுதான" என்றான்.

பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே கையை நீட்டினேன். அவன் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அக்குளிலிருந்து வலக்கையை எடுத்துக் கொடுத்தான். பழைய பிடி. கல்லூரி வரிசையில் நின்ற அதே பிடி, எலும்பு வரை இறங்குகிற பிடி. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தத் தடவை நான் விடப் போவதில்லை என்று மனத்தில் வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பும்வரை பிடித்திருப்போம், யார் சிரித்தாலும் சரி.

ஓட்டுநர் கியர் போட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

அவன் கை திறந்தது.

அவன் திறக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வந்துகொண்டிருந்தான். கைதான் திறந்தது, ஐந்து விரலும் விரிந்து. நான் விடுவதற்கு முன்னால் அவன் விட்டது அதுதான் முதல் தடவை. அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். படகில் பார்த்தது போலவே பார்த்தான்.

நான் ஜன்னலுக்கு வெளியே தோள்வரை சாய்ந்து அவன் மணிக்கட்டை எட்டப் பார்த்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. என் விரல் நுனிக்கும் அவன் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது, பிறகு ஒரு முழம், பிறகு சாலை. அவன் கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தான்.